பத்தாண்டுத் தண்டனையும் கொஞ்சம் வெண்ணெயும்: ரெயின்போ வாரியர் வழக்கு

வாடகைக்கு எடுத்த வேனைச் சொன்ன தேதிக்கு முன்பே கொண்டுவந்து விட்டோம், மீதிப் பணத்தைக் கொடுங்கள் என்று கவுன்டரில் கேட்டு நின்றதால் மாட்டிக்கொண்ட உளவாளிகள் இவர்கள். 1985 ஜூலை 12, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம். சுவிட்சர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த தூரெஞ்ஜ் தம்பதி என்று பாஸ்போர்ட் சொன்னது. அந்த வேன் வந்தால் தகவல் கொடுங்கள் என்று போலீஸ் முன்பே சொல்லி வைத்திருந்ததால், கடைக்காரர்கள் இவர்களைப் பேச்சில் இழுத்துப் பிடித்துக்கொண்டு போன் போட்டுவிட்டார்கள். விசாரித்ததில் தம்பதியும் இல்லை, சுவிஸும் இல்லை. ஆண், மேஜர் அலென் மஃபார். பெண், கேப்டன் டொமினிக் பிரியர். இரண்டு பேரும் பிரான்ஸின் வெளிநாட்டு உளவுத்துறையான டிஜிஎஸ்இயின் அதிகாரிகள்.

இரண்டு நாளுக்கு முன்புதான் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பல் குண்டு வைத்து மூழ்கடிக்கப்பட்டிருந்தது. ஒரு ஆள் செத்துப்போயிருந்தார்.

உளவுத்துறைகள் சட்டத்தை மீறிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. பெரும்பாலானவை ஒரு மறுப்பு அறிக்கையோடும் ஒரு பூட்டிய கோப்போடும் முடிந்துவிடும். இந்த வழக்கு அப்படி இல்லை என்பதால்தான் இதைப் பிடித்து எழுதுகிறேன். இதில் கைது இருக்கிறது, கோர்ட்டில் குற்ற ஒப்புதல் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, பிரதமரே டிவியில் வந்து ஒத்துக்கொண்டது இருக்கிறது, அமைச்சர் ராஜினாமா, ஐநா பொதுச்செயலாளரின் தீர்ப்பு, சர்வதேச நடுவர் மன்றம் வரை எல்லாம் இருக்கிறது. ஓர் அரசைக் கணக்குக் கேட்க என்னென்ன வாசல் உண்டோ அத்தனையையும் தட்டிப் பார்த்தாகிவிட்டது. அப்படியும் உத்தரவு போட்டவரை எந்தச் சட்டமும் தொடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அது எப்படி நழுவிப் போனது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி.

கப்பல்

பிரான்ஸ் 1966 முதல் பசிபிக்கில், பிரெஞ்சு பாலினேசியாவின் மொருரோவா பவளத்தீவில் அணுகுண்டு சோதித்து வந்தது. ரெயின்போ வாரியர் பழைய பிரிட்டிஷ் மீன்வள ஆராய்ச்சிக் கப்பல். கிரீன்பீஸ் அதை வாங்கிப் பெயிண்ட் அடித்து, போராட்டக் கப்பலாக்கி ஓட்டியது. 1985 மே மாதம் அது மார்ஷல் தீவுகளில் இருந்தது. 1954இல் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் விழுந்த ரோங்கெலாப் தீவில், இனி இங்கே இருந்தால் பிள்ளைகள் பிழைக்காது என்று முடிவெடுத்த சுமார் 300 பேரை, வீட்டுப் பலகை தகரத்தோடு ஏற்றி வேறு தீவில் இறக்கிவிட்டுத்தான் ஆக்லாந்துக்கு வந்தது. அடுத்த வேலை, சிறு படகுகள் சூழ மொருரோவாவுக்குப் போய் சோதனைக்கு இடைஞ்சல் செய்வது.

பாரிஸுக்கு அது பிடிக்கவில்லை. ஏப்ரலிலேயே ஒரு பெண் அதிகாரி, கிறிஸ்டின் கபோன், வேறு பெயரில் ஆக்லாந்து கிரீன்பீஸ் அலுவலகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டார். கூடவே உட்கார்ந்து உறைக்குத் தபால்தலை ஒட்டுகிற ஆள் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? கப்பல் எப்போது வரும், எங்கே நிற்கும், படகு எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்ற விவரமெல்லாம் அந்த வழியாகப் போயிற்று.

ஜூலை 10 இரவு கப்பலில் ஒரு பிறந்தநாள் விருந்து நடந்து முடிந்திருந்தது. நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது முதல் குண்டு வெடித்தது. நீருக்குள் கப்பலின் அடியில் ஒட்டவைக்கிற காந்த வெடி, இயந்திர அறைப் பக்கம். கார் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பெரும்பாலானவர்கள் தப்பித்துத் துறைமேடைக்கு வந்துவிட்டார்கள். போட்டோகிராபர் ஃபெர்னாண்டோ பெரெய்ரா கேமராக்களை எடுக்கக் கீழே போனார் என்கிறார்கள். சில நிமிடத்தில் இரண்டாவது குண்டு. அவர் மேலே வரவில்லை. 35 வயது, போர்ச்சுக்கலில் பிறந்து நெதர்லாந்துக் குடிமகனானவர், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா.

படகுத் திருடனைப் பிடிக்கக் காத்திருந்தவர்கள்

போலீஸுக்குத் துப்பு கிடைத்த விதம் எனக்கு இந்த வழக்கிலேயே பிடித்த இடம். ஆக்லாந்து கடற்கரையில் ஒரு படகு கிளப். அந்த நாட்களில் அங்கே திருட்டு அதிகமாக இருந்ததால் உறுப்பினர்களே முறை வைத்து இரவில் காவல் இருந்தார்கள். அன்றிரவு ஒரு ஆள் ரப்பர் படகில் கரைக்கு வருகிறான், ஒரு கேம்பர் வேன் வந்து அவனைச் சந்திக்கிறது, சாமான் கைமாறுகிறது. படகு மோட்டார் திருடர்கள் என்று நினைத்து வேனின் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு வல்லரசின் ரகசியப் பிரிவு மாதக்கணக்கில் போட்ட திட்டம் ஒரு வேன் நம்பரில் அவிழ்ந்துவிட்டது. அந்த வேன்தான் தூரெஞ்ஜ் தம்பதி திருப்பிக் கொடுக்க வந்த வேன்.

நாட்டை விட்டு நேராகப் போயிருக்கலாமே, காசு கேட்டு ஏன் நின்றார்கள் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. சாதாரண சுற்றுலாக்காரர் மீதிப் பணத்தைக் கேட்காமல் போகமாட்டார். அவர்கள் வேஷத்தை ஒழுங்காகக் கட்டினார்கள், வேஷமே காலை வாரிவிட்டது. வேஷம் கட்டாத இடத்தில்தான் நிஜமாகவே கோட்டை விட்டார்கள்: பிடிபட்ட பிறகு அவர்கள் பாரிஸுக்குப் போட்ட போன், பிரெஞ்சு ராணுவ அமைச்சகம் வரை போலீஸுக்குத் தடம் காட்டியது.

இன்னொரு குழு பாய்மரப் படகில் வந்தது. உவேயா என்று பெயர். பசிபிக்கில் பிரான்ஸின் ஆட்சிப் பகுதியான நியூ கலிடோனியாவில் வாடகைக்கு எடுத்தது. வெடிபொருளை அதில்தான் கொண்டுவந்தார்கள் என்பது போலீஸின் முடிவு. படகு ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான நார்ஃபோக் தீவில் நின்றபோது நியூசிலாந்து போலீஸ் பறந்துபோய் ஆட்களை விசாரித்து, படகின் அடித்தட்டுத் தண்ணீரில் மாதிரி எடுத்தது. பரிசோதனை முடிவு வரும்வரை அவர்களைப் பிடித்துவைக்க அங்கே சட்டத்தில் இடமில்லை. விட்டுவிட்டார்கள். மாதிரியில் வெடிபொருள் தடயம் இருப்பதாக முடிவு வந்தபோது கடலில் படகே இல்லை. மூழ்கடித்துவிட்டு, ரூபி என்ற பிரெஞ்சு நீர்மூழ்கியில் ஏறிப் போனார்கள் என்று பின்னாளில் வெளியே வந்தது. குண்டை உண்மையில் ஒட்டவைத்த முக்குளிப்பாளர்கள் மூன்றாவது குழு. அவர்கள் மேல் அப்போது யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆக மொத்தம் பத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து போன வேலையில் பிடிபட்டது இரண்டு பேர். அதுவும் உதவிக்கு நின்றவர்கள்.

பாரிஸில்

பிரான்ஸ் முதலில் எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது. செய்தித்தாள்கள் விடவில்லை. ஆகஸ்டில் பெர்னார் த்ரிகோ என்ற மூத்த அரசு அதிகாரியிடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 26, அறிக்கை வந்தது. ஆமாம், நம் ஏஜென்டுகள் நியூசிலாந்தில் இருந்தார்கள், ஆனால் தகவல் சேகரிக்க மட்டும்தான் போனார்கள், குண்டு அவர்கள் வேலை இல்லை என்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நியூசிலாந்துப் பிரதமர் டேவிட் லாங்கே நாக்கில் காரம் உள்ளவர். இதை வெள்ளையடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பக்கம் அப்படியே தெரிகிறதே என்றார்.

இந்த விசாரணையின் கோளாறு த்ரிகோவின் நேர்மையில் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் யாரைக் கேட்டார்? உளவுத்துறைத் தலைவரை, அமைச்சரை, அதிகாரிகளை. அவர்கள் சொன்னதை எழுதினார். தன்னிடம் பொய் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகத்தை அவரே வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். வீட்டுக்காரனையே சாட்சியாக வைத்து வீட்டைச் சோதனை போட்டால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

செப்டம்பர் 17 அன்று லெ மோந்த் பத்திரிகை மூன்றாவது குழு ஒன்று இருந்தது, அதுதான் கப்பலை மூழ்கடித்தது என்று எழுதியது. அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரிந்தது. செப்டம்பர் 20 அன்று ராணுவ அமைச்சர் ஷார்ல் எர்னு ராஜினாமா செய்தார். டிஜிஎஸ்இ தலைவர் அட்மிரல் பியேர் லாகோஸ்ட் பதவி நீக்கம் செய்யப்பட்டார். செப்டம்பர் 22 அன்று பிரதமர் லோரான் ஃபாபியுஸ் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, கப்பலை மூழ்கடித்தது டிஜிஎஸ்இ ஏஜென்டுகள்தான், உத்தரவுப்படி செய்தார்கள் என்று ஒத்துக்கொண்டார். அதே மூச்சில், வேலையைச் செய்து முடித்தவர்களைக் குற்றம் சொல்லக்கூடாது, உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த ராணுவத்தினர் அவர்கள் என்றார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நாம் சொல்வோம். பிரெஞ்சு அரசு அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அம்பை நோகாதீர்கள், சரி. எய்தவன் யார் என்றும் கேட்காதீர்கள். உத்தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அமைச்சரோடு நிறுத்தப்பட்டது. ஜனாதிபதி மித்தெரானுக்குத் தெரியுமா என்று விசாரிக்க நாடாளுமன்றம் குழு ஒன்றும் அமைக்கவில்லை. உளவுத்துறையைக் கண்காணிக்க அங்கே நாடாளுமன்றத்தில் நிரந்தரக் குழு என்று ஒன்று வந்ததே 2007இல்தான். ராஜினாமா செய்த எர்னுவுக்கு ஊரில் செல்வாக்குக் குறையவும் இல்லை. நாட்டுக்காகப் பழியைச் சுமந்தவர் என்ற பெயர்தான்.

அரை மணி நேரம்

மஃபார், பிரியர் இரண்டு பேர் மேலும் போட்டது கொலைக் குற்றம். நவம்பர் 4 அன்று ஆக்லாந்து கோர்ட்டுக்கு உலகத்துப் பத்திரிகையாளர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாரக்கணக்கில் சாட்சி விசாரணை நடக்கும், பாரிஸில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வெளியே வரும் என்று எதிர்பார்ப்பு. சுமார் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. குற்றச்சாட்டைக் கொலையிலிருந்து, கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்று குறைத்தார்கள், கூடவே கப்பலுக்குச் சேதம் விளைவித்தது. இரண்டு பேரும் எழுந்து நின்று ஒத்துக்கொண்டார்கள். கதை முடிந்தது.

அரசுத் தரப்பைக் குறை சொல்லவும் முடியாது. குண்டு வைத்தவர்கள் இவர்கள் என்று நிரூபிக்க ஆதாரம் இல்லை. உதவினார்கள் என்றுதான் காட்ட முடியும். கொலை வழக்கு ஜூரி முன்னால் கவிழ்ந்தாலும் கவிழ்ந்திருக்கும். ஆனால் அந்த ஒப்பந்தத்தால் போனது என்ன என்று பாருங்கள்: குறுக்கு விசாரணை இல்லை, சாட்சிக் கூண்டில் யாரும் ஏறவில்லை, உத்தரவு என்ற சொல்லையே கோர்ட் தோண்டிப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. நவம்பர் 22 அன்று தலைமை நீதிபதி ரொனால்ட் டேவிசன் பத்தாண்டு தண்டனை கொடுத்தார், சேதத்துக்கு ஏழாண்டு, இரண்டும் ஏக காலத்தில். இந்த நாட்டுக்கு வந்து பயங்கரவாதச் செயல் செய்கிறவர்கள், நம் அரசு செலவில் ஒரு குட்டி விடுமுறையைக் கழித்துவிட்டு வீரர்களாக ஊர் திரும்பலாம் என்று எதிர்பார்க்க முடியாது என்றார்.

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

ஆட்டு மூளை

நியூசிலாந்து அப்போது முப்பது லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள நாடு. பிழைப்பு ஆடும் மாடும். பால், வெண்ணெய், இறைச்சி ஐரோப்பாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், ஐரோப்பியச் சந்தையில் பிரான்ஸ் கை ஓங்கி இருந்தது. 1986 தொடக்கத்தில் நியூ கலிடோனியாவுக்குப் போகிற நியூசிலாந்து ஆட்டு மூளையை பிரான்ஸ் தடுக்க ஆரம்பித்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆட்டு மூளையில் தொடங்கினால் வெண்ணெயில் வந்து நிற்கும் என்பது தலைநகர் வெலிங்டனில் எல்லோருக்கும் புரிந்தது. அணு ஆயுதக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வரக்கூடாது என்று சொன்னதால் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நியூசிலாந்து மேல் ஏற்கெனவே கடுப்பு. சொந்தத் துறைமுகத்தில் ஒரு நட்பு நாடு குண்டு வைத்ததற்கு அந்தக் கூட்டாளிகளிடமிருந்து கண்டனம்கூட வரவில்லை.

விஷயம் ஐநா பொதுச்செயலாளர் பெரெஸ் டி குவேயரிடம் போனது. 1986 ஜூலையில் அவர் கொடுத்த தீர்ப்பு: பிரான்ஸ் முறைப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும், நியூசிலாந்துக்கு 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும், வெண்ணெய், ஆட்டிறைச்சி ஏற்றுமதிக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. பதிலுக்கு அந்த இரண்டு கைதிகளும் பிரெஞ்சு பாலினேசியாவின் ஹாவோ தீவில் உள்ள ராணுவத் தளத்தில் மூன்று வருடம் இருக்க வேண்டும், இரு அரசும் சம்மதித்தால் ஒழிய வெளியே வரக்கூடாது. பத்து வருடம், மூன்று வருடமானது. சிறை, சொந்த நாட்டு ராணுவ முகாமானது. ஒரு கொலை வழக்கின் தண்டனையும் வெண்ணெய் ஏற்றுமதியும் ஒரே தாளில் எழுதப்பட்ட வேறு தீர்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த மூன்று வருடமாவது இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1987 டிசம்பர் 14 அன்று மஃபாருக்கு வயிற்று உபாதை என்று பாரிஸுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். நியூசிலாந்து டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று கேட்டதற்கு வழிவிடவில்லை. குணமான பிறகும் அவர் தீவுக்குத் திரும்பவில்லை. பிரியரோடு அவர் கணவரும் அதே தீவில் வேலை போட்டு அனுப்பப்பட்டிருந்தார். 1988 மே மாதம், அவர் கர்ப்பமாக இருக்கிறார், தகப்பனாரும் சாகக் கிடக்கிறார் என்று சொல்லி அவரையும் கூட்டிப்போய்விட்டார்கள். ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு அப்போது மூன்று நாள் இருந்தது.

நியூசிலாந்து நடுவர் மன்றத்துக்குப் போனது. 1990 ஏப்ரலில் தீர்ப்பு: பிரான்ஸ் ஒப்பந்தத்தை மீறியது உண்மை. ஆனால் மூன்று வருடக் கெடு 1989 ஜூலையோடு முடிந்துவிட்டதால் திருப்பி அனுப்பச் சொல்ல முடியாது. இரு நாட்டு நட்பை வளர்க்க ஒரு நிதி தொடங்குங்கள், பிரான்ஸ் 20 லட்சம் டாலர் போடட்டும் என்று பரிந்துரை வேறு. சட்டப்படி தர்க்கம் சரிதான், படித்துப் பார்த்தால் ஓட்டை தெரியாது. கைதியை விட்டுவிட்டு காலம் கடத்தினால் கடமையே காலாவதியாகிவிடும் என்பதுதான் அதற்கு நடைமுறை அர்த்தம்.

1991இல் இன்னொரு வாய்ப்பும் வந்தது. பாய்மரப் படகுக் குழுவில் இருந்த ஜெரால்ட் ஆந்த்ரியஸ், நியூசிலாந்தின் பழைய பிடிவாரண்டின் பேரில் சுவிட்சர்லாந்தில் கைதானார். ஆளைக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. நியூசிலாந்து அரசு வேண்டாம் என்று விட்டுவிட்டது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிரான்ஸ் மறைத்தது, தப்பித்தது, அது எதிர்பார்த்ததே. குண்டு வெடித்த ஊர்க்காரர்களே, ஆள் கையில் கிடைத்த பிறகு, வியாபாரத்தை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு தெரிந்தவை

மித்தெரான் 1996 ஜனவரியில் இறந்தார். 2005 ஜூலையில், சம்பவத்தின் இருபதாம் ஆண்டில், லாகோஸ்ட் 1986இல் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பை லெ மோந்த் வெளியிட்டது. 1985 மே 15 அன்று ஜனாதிபதியை நேரில் பார்த்ததாகவும், கிரீன்பீஸ் கப்பலை முடக்கும் திட்டத்துக்கு அனுமதி கேட்டதாகவும், அவர் சம்மதம் கொடுத்ததாகவும் அதில் இருந்தது. எர்னு 1990லேயே போய்விட்டார். கேள்வி கேட்க ஆள் இல்லை. 2015இல், குண்டு வைத்த முக்குளிப்பாளர்களில் ஒருவரான ஜான்-லுக் கிஸ்தர் முகத்தைக் காட்டிப் பேசி, பெரெய்ராவின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். முப்பது வருடம் மனசாட்சி உறுத்தியதாகச் சொன்னார். நம்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் பிரான்ஸ் மண்ணில் இதற்காக இதுவரை ஒருவர்கூடக் கோர்ட் ஏறியதில்லை.

மஃபாரும் பிரியரும் ராணுவத்தில் பதவி உயர்வு பெற்று ஓய்வு பெற்றார்கள். தங்கள் கதையை ஆளுக்கொரு புத்தகமாகவும் எழுதினார்கள். அதிலெல்லாம் அவர்களுக்குக் கூச்சம் இல்லை. ஆனால் 1985 நவம்பர் 4 அன்று கோர்ட்டில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது, இரண்டு பேரும் எழுந்து நின்று குற்றத்தை ஒத்துக்கொள்கிற அந்தக் காட்சி. நியூசிலாந்து டிவி அதை ஒளிபரப்பக் கேட்டபோது, கூடாது என்று வக்கீல் வைத்து மேல்கோர்ட் வரைக்கும் போனார்கள். தோற்றார்கள். 2006இல் அது டிவியில் வந்தது.